பச்சைச் சிலிப்பர்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியையாக இருந்து பாருங்கள். சந்தேகம் இல்லையென்றால் பிள்ளைகள் நம்மை விற்றுக் காசாக்கிவிடுவார்கள். வயிற்றுவலி என்று ஒருவன் வந்தால் நான் அவன் வயிற்றைப் பார்க்கமாட்டேன், அடுத்த பாடம் கணிதமா என்று பார்ப்பேன். பெரும்பாலும் கணிதமாகத்தான் இருக்கும்.

மேரு பக்கத்தில் எங்கள் பள்ளி. தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு மாடிக் கட்டடம், முன்னால் எப்போதும் லோரி போகிற சாலை. அங்கே இந்த ஆண்டு காட்சிக் கலை ஆசிரியராக வந்தவர் சிவேந்திரன். பிரிக்பீல்ட்ஸ்காரர். தினமும் அங்கிருந்து ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வந்து, பிறகு ஒரு மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வருவார். முளைத்து மூன்று இலை விடவில்லை, அதற்குள் பள்ளியில் கொண்டாடும் மொழி மாதத்துக்கு அவர் ஒரு போட்டி வைத்தார். பெயர், சொல்லில்லாக் கதை. நீளமான தாளில் நான்கு கட்டம். ஒரு கதையை வரைய வேண்டும். எழுத்து கூடாது, எண்கூட எழுதக் கூடாது.

"மொழி மாசத்துல மொழியே இல்லாத போட்டியா சார்?" என்று ஆசிரியர் அறையில் எல்லாரும் கேட்கும்படியே கேட்டேன்.

"படிக்கிறதுன்னா எழுத்த மட்டும் படிக்கிறது இல்ல டீச்சர். இப்ப பிள்ளைங்க கண்ணு முன்னால வர்றது பூரா படம்தான். அதையும் படிக்கச் சொல்லித் தரணும்லா."

"படத்துல படிக்கிறதுக்கு என்ன சார் இருக்கு? பார்த்தா தெரியுது."

அவர் சிரித்தார். எழுத்துத் திருத்துகிற வேலையிலிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் வகுப்பில் தாமரை என்று ஒரு பிள்ளை. நல்ல பிள்ளைதான், ஆனால் கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரியோடு பேனாவை வைத்துவிடுவாள். முன்பெல்லாம் இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி, நேர் வகிடு எடுத்து வருவாள். கொஞ்ச நாளாக ஒற்றை ரப்பர் வளையம், வகிடு பாம்பு போனமாதிரி. சாப்பாட்டுப் பெட்டியில் தோசை இருந்த இடத்தில் கடை ரொட்டிப் பொட்டலம். இதையெல்லாம் கவனிக்காமல் இருக்க நான் என்ன குருடா?

"அம்மா எங்கே?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் போயிருக்காங்க டீச்சர்."

"எந்த ஊரு?"

"செமினி."

செமினி ஒரு ஊரா? காலையில் கிளம்பினால் பகல் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். அங்கே போய் வாரக்கணக்கில் யாராவது இருப்பார்களா? எனக்கு அப்போதே மனத்தில் முள் தைத்துவிட்டது.

பள்ளி முடிந்ததும் அவளை அழைத்துப் போக அப்பா வருவார். விஜயன் என்று பெயர். போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். பெட்டியைக் கழற்றிவிட்டு வெறும் லோரித் தலையோடு வந்து எதிர்ப்பக்கம் நிறுத்துவார். இறங்கமாட்டார். மற்ற அப்பாக்கள் வாசலில் நின்று காற்பந்து பேசுவார்கள், காவலர் பக்கிரிசாமியோடு வம்பளப்பார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். அழுத்தக்காரர். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருநாள் வாசிப்பு வேளையில் தாமரை மடியில் ஒரு காமிக் புத்தகம் வைத்திருந்தாள். ஜப்பான்காரர்கள் வரைந்தது, மலாயில் மொழிபெயர்த்துப் பாசார் சந்தையில் பழைய புத்தக விலைக்கு விற்பார்களே, அந்த மாதிரி. நான் பின்னால் போய் நின்றது அவளுக்குத் தெரியவில்லை. பின்னட்டையைத் திறந்து கடைசிப் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.

"முடிவ மொதல்ல தெரிஞ்சிக்கிறியா? இதுதான் நீ படிக்கிற லட்சணமா?" என்றேன்.

"இல்ல டீச்சர், இது வந்து..."

"எதிர்த்துப் பேசாத."

வாங்கி என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். திருப்பிக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

போட்டி முடிந்த அன்று சிவேந்திரன் ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் சரியில்லை. "உங்க வகுப்புப் பிள்ள வரைஞ்சது. கொஞ்சம் பாருங்க டீச்சர்" என்றார்.

தாமரையின் படம். முதல் கட்டத்தில் மேசை, மேலே மஞ்சள் விளக்கு, மூன்று தட்டு, மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்பா, அம்மா, நடுவில் ஒரு சிறுமி. இரண்டாவது கட்டத்தில் வீட்டு வாசல். அம்மா கையில் துணிப்பையோடு வெறுங்காலில் நிற்கிறாள். படிக்கட்டில் ஒரு ஜோடிப் பச்சைச் சிலிப்பர். வாசலில் அப்பா கையை உயரத் தூக்கியிருக்கிறார், விரல் ஐந்தும் விரிந்திருக்கிறது. மூன்றாவதில் இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் சிறுமி தனியாக நிற்கிறாள். நான்காவதில் வீடு இருட்டிக் கிடக்கிறது, ஒரு லோரி தூரத்தில் போகிறது.

நன்றாக இருந்த குடும்பம். பிறகு அவன் கையை ஓங்குகிறான். பெண்டாட்டியைக் காலில் சிலிப்பர்கூட மாட்டவிடாமல் விரட்டுகிறான். அப்புறம் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு லோரி ஓட்டப் போகிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"பாவி" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் படுது டீச்சர். ஆனா அவளக் கேட்டுட்டு முடிவு பண்ணலாமே" என்றார் சிவேந்திரன்.

கேட்டேன். இடைவேளையில் வகுப்பிலேயே உட்காரவைத்து, குரலைத் தணித்துக்கொண்டுதான் கேட்டேன். "இது யாரும்மா?"

"அப்பா."

"கையத் தூக்கியிருக்காரே, யாருக்கு?"

"அம்மாவுக்கு."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிள்ளையை ரொம்பக் கிளறக் கூடாது என்று நானே தடுத்து, தோளைத் தட்டி அனுப்பிவிட்டேன். அவள் புறங்கையில் நீலமாக ஒரு திட்டு தெரிந்தது. பிடித்துப் பார்த்தேன். மார்க்கர் மை. தேய்த்ததும் என் விரலில் ஒட்டியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அன்று பள்ளி விட்டதும் நானே சாலையைக் கடந்து லோரிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். விஜயன் கண்ணாடியை இறக்கினார்.

"தாமரை அம்மாவப் பார்த்து ரொம்ப நாளாச்சே" என்றேன்.

"அவங்க அக்கா வீட்டுல இருக்காங்க டீச்சர்."

"ஏன்?"

"அத அவங்களத்தான் கேக்கணும்."

"நீங்க அடிச்சீங்களா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. தாமரை ஏறி உட்கார்ந்ததும், "இல்ல டீச்சர்" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அடிக்காதவன் இப்படியா சொல்லுவான்? குதிக்க வேண்டாமா, கத்த வேண்டாமா? வாயில் கொழுக்கட்டை வைத்தமாதிரி ஒரு பதில்.

தலைமையாசிரியையிடம் போனேன். முறைப்படி ஆலோசக ஆசிரியரிடம் சொல்வோம், அவர் பிள்ளையோடு பேசட்டும், தேவைப்பட்டால் சமூகநலத் துறைக்குத் தெரிவிப்போம் என்றார். சரியான பதில்தான். ஆனால் ஆலோசக ஆசிரியர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார், அடுத்த வாரம்தான் வருவார். அடுத்த வாரம்வரை அந்தப் பிள்ளை கம்பிக் கதவுக்குப் பின்னால் நிற்பதா? எனக்குப் பொறுக்கவில்லை.

வகுப்புப் பெற்றோர் வாட்சப் குழுவில் அம்மாவின் எண் இருந்தது. பள்ளியில் அதைப் புலனம் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானே மற்றவர்களைத் திருத்துவேன். சந்திரகலா என்று பெயர். படத்தைக் கைப்பேசியில் எடுத்து அவருக்கு அனுப்பினேன். கீழே என்ன எழுதுவது? அடிக்கிறாரா என்று எழுத்தில் கேட்டால் பின்னால் வம்பாகும். ஆகையால் இப்படி எழுதினேன். "உங்கள் மகள் தாமரை வரைந்தது. பார்த்தால் உங்களுக்கே புரியும்."

பார்த்துவிட்டார் என்கிற நீலக் குறி உடனே விழுந்தது. பதில் வரவில்லை. நான் சமைத்தேன், சாப்பிட்டேன், நடுநடுவே கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். 'தட்டச்சு செய்கிறார்' என்று வரும், போய்விடும். பயந்து சாகிறாள் பாவம் என்று நினைத்தேன். கடைசியில் வந்தது. "புரிஞ்சிடுச்சு டீச்சர். நாளைக்கே வர்றேன். பிள்ளைய கூப்பிட அவர் வர்றதுக்கு முன்னால வந்துடுறேன். அவருகிட்ட சொல்லாதீங்க."

அவருகிட்ட சொல்லாதீங்க. இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மறுநாள் நான் போருக்குப் போகிறவள் மாதிரி பள்ளிக்குப் போனேன். காவலர் பக்கிரிசாமியிடம், "அண்ணே, இன்னைக்குத் தாமரை அப்பா உள்ள வரக் கூடாது. அந்தாளு கைய ஓங்கினா உடனே எனக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவைத்தேன். அவர் பழைய துறைமுகக்காரர், இந்த மாதிரி வேலையென்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலிலேயே நின்றார்.

கடைசிப் பாடவேளை எனக்கு ஓய்வு. அம்மாவோடு பிள்ளையை அனுப்பும்போது அவள் பொருள் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்று இழுப்பறையைத் திறந்தேன். அந்தக் காமிக் புத்தகம் கிடந்தது. பறித்த அன்றிலிருந்து நான் அதைத் திறக்கவே இல்லை. இப்போதுதான் முன்னட்டையைப் புரட்டினேன்.

முதல் பக்கத்தில் கதை இல்லை. ஒரு பையன் கையை நீட்டித் தடுக்கிறமாதிரி படம். மேலே பெரிய எழுத்தில், பெர்ஹெந்தி. நம் ஊரில் சந்திக்குச் சந்தி சிவப்புப் பலகையில் நிற்கிறதே, அதே சொல். நில். கீழே மலாயில் சின்ன எழுத்து. நீங்கள் கதையின் முடிவில் நிற்கிறீர்கள், இந்தப் புத்தகம் வலமிருந்து இடமாகப் படிப்பது, திருப்பி அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

எதிர்த்துப் பேசாத என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் முடிவைத் திருட்டுத்தனமாகப் பார்க்கவில்லை. முதலிலிருந்துதான் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் முதல் எது, முடிவு எது என்று தெரியவில்லை.

அப்புறம்தான் சுருக்கென்றது. அவள் தாளை எடுத்து மேசைமேல் விரித்தேன். வலது பக்கத்திலிருந்து பார்த்தேன்.

வீடு இருட்டிக் கிடக்கிறது, அப்பா லோரியில் போகிறார். சிறுமி கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று சாலையைப் பார்க்கிறாள், காத்திருக்கிறாள். அப்புறம் அம்மா துணிப்பையோடு வாசலில் நிற்கிறாள், அப்பா கையைத் தூக்குகிறார். கடைசியில் விளக்கு எரிகிறது, மூன்று பேர் சாப்பிடுகிறார்கள்.

அந்தப் பச்சைச் சிலிப்பர். அட மடச்சி, என்று என்னையே திட்டிக்கொண்டேன். சிலிப்பரைப் படியில் கழற்றிவிட்டு வெறுங்காலில் நிற்கிறவள் வீட்டை விட்டுப் போகிறவளா? போகிறவள் முதலில் சிலிப்பரையல்லவா மாட்டுவாள். வாசலில் கழற்றிப்போட்டால் உள்ளே வருகிறாள் என்று அர்த்தம். நாள் தவறாமல் என் வீட்டு வாசலில் நான் செய்கிற காரியம். தமிழச்சியாகப் பிறந்து, கோயில் கோயிலாகச் செருப்பைக் கழற்றி, அதை எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

தாமரையை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டேன். நடைபாதையில் குனிந்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். "இந்தக் கதைய எந்தப் பக்கத்துலேருந்து படிக்கணும்மா?"

அவள் வலது ஓரத்தில் விரலை வைத்தாள். "இங்கேருந்து டீச்சர். நானும் அம்மாவும் அப்படித்தான் புக்கு படிப்போம்."

"அப்பா கையத் தூக்குறாரே, என்ன பண்றாரு?"

"வான்னு கூப்பிடுறாரு."

பெரிய பாரம் இறங்கினமாதிரி இருந்தது. "எப்போ கூப்பிட்டாரு?" என்று சும்மாதான் கேட்டேன்.

"இன்னும் கூப்பிடல டீச்சர்" என்றாள் தாமரை. "இன்னும் நடக்கல."

இறங்கின பாரம் திரும்ப ஏறியது. படத்தை நான் யாருக்கு அனுப்பினேன்? அந்தப் புத்தகத்தை மகளோடு சேர்ந்து வலமிருந்து படித்த அம்மாவுக்கு. பார்த்தால் உங்களுக்கே புரியும் என்று வேறு எழுதினேன். அவருக்குப் புரிந்துதான் இருக்கிறது. நடக்காத ஒன்று நடக்கப்போகிறது என்று புரிந்துகொண்டு கிளம்பி வருகிறார்.

நான் நினைத்து முடிப்பதற்குள் வாசலில் ஒரு கிரேப் வாடகைக் கார் வந்து நின்றது. சந்திரகலா இறங்கினார். கையில் துணிப்பை. செமினியில் ஒரு கிளினிக்கில் வேலைக்குப் போவதாகச் சொன்னார், அந்தச் சீருடையோடே வந்திருந்தார். தலையில் கொஞ்சம் பூ. காலில் பச்சை நிற ஜப்பான் ரப்பர் சிலிப்பர்.

அவரை ஆசிரியர் அறைக்கு அழைத்துப் போனேன். முதலில் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. படம் எப்படி இருந்தாலும் கேட்க வேண்டியது கேட்க வேண்டியதுதான். "உங்க வீட்டுக்காரர் அடிப்பாரா? மறைக்காம சொல்லுங்க."

"ஐயோ, இல்ல டீச்சர். அடிச்சிருந்தா நான் அக்கா வீட்டுக்கா போயிருப்பேன்? நேரா போலீசுக்குல்ல போயிருப்பேன்." அவர் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. "அவரு பேசமாட்டாரு. அதான் பிரச்சன. எங்கப்பா கருமாதி அன்னைக்கு லோரி எடுத்துக்கிட்டுக் குவாந்தான் போயிட்டாரு. வேலன்னாரு. வேல இருக்கும் டீச்சர், எனக்குத் தெரியாதா? வந்து ஒரு வார்த்த, மன்னிச்சிக்கன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. நான் பையத் தூக்கிட்டுக் கெளம்பினேன். நீங்க வந்து கூப்பிட்டாத்தான் இந்தப் படி ஏறுவேன்னு சொன்னேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லல."

"பிள்ளைய ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

"பள்ளிக்கூடம் கெட்டுடுமேன்னுதான். சனி ஞாயிறு கொண்டாந்து விடுவாரு. அக்கா வீட்டு வாசல் வரைக்கும் வருவாரு டீச்சர். லோரிய விட்டு மட்டும் எறங்கமாட்டாரு. நான் சன்னல் வழியா பார்த்துக்கிட்டே நிப்பேன், எறங்குவாரா எறங்குவாரான்னு. ஹாரன் அடிச்சிட்டுப் போயிடுவாரு." கைப்பேசியைத் திறந்து அந்தப் படத்தை என்னிடமே காட்டினார். "நேத்து இதப் பார்த்துட்டு நான் தூங்கவே இல்ல. வாயத் தொறந்து சொல்ல வெக்கம். மககிட்டச் சொல்லி வரைய வெச்சிருக்காரு பாருங்க. அந்த மனுசனுக்கு இப்படி ஒரு புத்தி வரும்னு நான் நெனைக்கவே இல்ல. அதான் அவருகிட்ட சொல்ல வேண்டாம்னேன். திடீர்னு போயி நிக்கலாம்னு."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் என்ன சொல்வது? அவர் சொல்லவில்லை அம்மா, அவருக்கு இந்தப் படமே தெரியாது என்று சொன்னால் இந்தப் பூவும் பையும் திரும்பச் செமினிக்குப் போகும். சொல்லாமல் விட்டால் இந்தப் பெண் அந்த லோரிக்கு முன்னால் போய் நிற்பாள். அந்தக் கல்லுளிமங்கன் நேராகப் பார்த்துக்கொண்டு, நானா வரச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு எந்தப் படம் வரைந்தும் தாமரை இவர்களை ஒரு மேசையில் உட்காரவைக்க முடியாது.

"இங்கயே இருங்க. தாமரைய அனுப்புறேன். நான் கூப்பிடுற வரைக்கும் வெளிய வராதீங்க" என்று சொல்லி, நடைபாதையில் நின்ற தாமரையை உள்ளே அனுப்பிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் உடம்புக்கு நான் ஓடுவது ஊருக்கே வேடிக்கை.

லோரித் தலை அப்போதுதான் வந்து எதிர்ப்பக்கம் நின்றது. விஜயன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நியாயம்தான். நான் கண்ணாடியைத் தட்டி, தாளை உள்ளே நீட்டினேன். "உங்க மக வரைஞ்சது. பாருங்க."

அவர் பார்த்தார். கண் இடது ஓரத்திலிருந்து வலப்பக்கமாக நகர்வது எனக்குத் தெரிந்தது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் தாளை மடியில் இறக்கினார்.

"நான் தொரத்துறேனா? கைய ஓங்குறேனா?" குரல் கிட்டத்தட்ட எழவே இல்லை. "அவ அப்படியா நெனைக்கிறா டீச்சர்? என் மகளா?"

"நானும் அப்படித்தான் படிச்சேன். தப்பாப் படிச்சேன். இந்தப் பக்கத்துலேருந்து பாருங்க."

வலது ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினேன். இந்தத் தடவை மெதுவாகப் பார்த்தார். லோரி. கம்பிக் கதவு. வாசல். அங்கே அவர் கண் நெடுநேரம் நின்றது. அப்புறம் விளக்கு.

"இது எப்ப நடந்துச்சு?" என்று கேட்டார்.

"இன்னும் நடக்கலன்னு சொல்றா உங்க மக."

அவர் மறுபடியும் தாளையே பார்த்தார். இவரைப் பேசவைப்பது என் வேலை இல்லை, ஆனால் பள்ளி மணி அடிக்கப்போகிறது. எனக்குப் பொறுமை கிடையாது. "இங்க பாருங்க. இந்தப் படத்த நான் உங்க வீட்டம்மாவுக்கு அனுப்பிட்டேன். உங்களப் பிடிச்சிக் குடுக்கத்தான் அனுப்பினேன். அவங்க வேற மாதிரி படிச்சிட்டாங்க. நீங்க கூப்பிடுறீங்கன்னு நம்பி வந்து உள்ள நிக்கிறாங்க."

"நான் கூப்பிடலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டமாக வாசலுக்கு வந்தார்கள். நான் கூப்பிடும்வரை காத்திருக்கச் சொன்னதை அந்த அம்மா கேட்டால்தானே. தாமரை கையைப் பிடித்துக்கொண்டு அவரும் கூட்டத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார். ஒரு கையில் பை, ஒரு கையில் மகள். லோரியைப் பார்த்தார். நின்றார். அங்கிருந்து ஓரடி நகரவில்லை.

தாமரையும் பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவே கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு மூச்சே வரவில்லை.

நான் விஜயன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவேன். எனக்கு இன்னும் சந்தேகம்தான். இவன் இறங்கமாட்டான், ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவான் என்றே என் மனம் சொன்னது.

லோரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அவர் இறங்கினார். தாளை மடிக்காமல் இடது கையில் பிடித்திருந்தார். சாலை ஓரம்வரை நடந்தார். நடுவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, கத்தினாலும் அந்தப் பக்கம் கேட்காது. ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அப்புறம் வலது கையை உயரத் தூக்கினார். விரல் ஐந்தும் விரிந்திருந்தன. பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி, அடிக்க ஓங்குகிறவன் மாதிரி, கூப்பிட்டுப் பழக்கமே இல்லாத ஒருவன் கூப்பிடுகிறமாதிரி.

பக்கிரிசாமி விசிலும் கையுமாக வண்டிகளுக்கு நடுவே புகுந்து எங்கள் பக்கம் ஓடி வந்துவிட்டார். "டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே அந்தாளு கைய ஓங்குறான். பிடிக்கவா?"

"விடுங்கண்ணே. கூப்பிடுறாரு" என்றேன்.

அவர் விஜயனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நம்பவில்லை. காலையில் இவள்தானே வேறு மாதிரி சொன்னாள் என்று அவர் கண்ணில் சந்தேகம் அப்பட்டமாகத் தெரிந்தது. "எதப் பார்த்து டீச்சர் கூப்பிடுறாருன்னு சொல்றீங்க?"

எதிர்ப்பக்கம் சந்திரகலாவின் பச்சைச் சிலிப்பர் நகரத் தொடங்கியிருந்தது. பக்கிரிசாமி அண்ணனின் விசிலைப் பிடுங்கி நானே ஊதினேன். மேரு சாலையில் வந்துகொண்டிருந்த லோரிகள் எல்லாம் நின்றன.